சாட்சி என்று ஒன்றைப் புத்தர் சொன்னாரா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பௌத்த தியானத்தைப் பற்றியும் புத்தர் அடைந்த விழிப்பைப் பற்றியும் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இத்தகைய பொருளுக்கு ஒரு நாளிதழ் முழுப் பக்கம் ஒதுக்கியது மகிழ்ச்சிக்குரியது. கட்டுரையாளரின் நடையும் தெளிவானது. எனக்குக் கவலை தந்தது அந்தத் தெளிவுதான். கட்டுரை முழுவதையும் தாங்கி நிற்பவை இரண்டு கூற்றுகள். தியானம் என்பது எண்ணங்களை நிறுத்தும் பயிற்சி என்பது ஒன்று. எண்ணங்கள் ஓய்ந்தபின் எஞ்சி நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கும் மாறாத சாட்சியே மனத்தின் உண்மை இயல்பு, அதை உணர்ந்ததே புத்தரின் விழிப்பு என்பது மற்றொன்று. இவை பழமையும் பெருமையும் வாய்ந்த கருத்துகள்தாம். இவற்றைத் தம் கொள்கையாகக் கொள்ள எவருக்கும் உரிமை உண்டு, அதனோடு வழக்காட நான் வரவில்லை. ஆனால் புத்தர் சொன்னதாக அவற்றை அச்சிடும்போது, அவர் அப்படிச் சொன்னாரா என்று கேட்க வேண்டியிருக்கிறது. பாலி நூல்களை ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகத் தட்டுத்தடுமாறிப் படித்துவருபவன், அதே தடுமாற்றத்தோடு அன்றாடம் அமர்ந்து பயின்றுவருபவன் என்ற அளவில் சில செய்திகளை முன்வைக்கிறேன்.

இரண்டாவது கூற்றிலிருந்து தொடங்குகிறேன். முதலாவது அதன் நிழல்தான். புத்தரின் உரைகளைத் தொகுத்த பாலி நூல்களை நிகாயங்கள் என்பர். அவற்றுள் ஒன்றான மஜ்ஜிம நிகாயத்தின் 38ஆவது சூத்திரத்தில் ஸாதி என்னும் பிக்கு (பௌத்தத் துறவி) ஒருவர் வருகிறார். (பெயரே அதுதான், குலத்தைக் குறிக்கும் நம் சொல்லோடு அதற்கு உறவில்லை.) மீனவர் மகன் என்று நூல் அவரை அடையாளம் காட்டுகிறது. பிறவிதோறும் ஓடித் திரிவது இதே விஞ்ஞானம்தான், வேறொன்றன்று, புத்தர் கற்பித்ததை நான் அவ்வாறே புரிந்துகொண்டிருக்கிறேன் என்று அவர் சொல்லிவருகிறார். விஞ்ஞானம் என்பது இங்கே அறிவியலன்று, ஒன்றை அறியும் உணர்வு. உடனிருந்த பிக்குகள் எவ்வளவோ எடுத்துச் சொல்லியும் அவர் தம் பிடியை விடவில்லை. செய்தி புத்தர் காதுக்குப் போகிறது. அவர் ஸாதியை அழைத்து, நீ சொல்லும் அந்த விஞ்ஞானம் எது என்று கேட்கிறார். பேசுவதும் உணர்வதும் ஆங்காங்கே நல்வினை தீவினைகளின் பயனை நுகர்வதும் எதுவோ அது என்று விடை வருகிறது. நான் இப்படிக் கற்பித்ததாக யாரிடம் கேட்டாய், சார்பு இல்லாமல் விஞ்ஞானம் தோன்றுவதில்லை என்று எத்தனையோ வகையில் நான் சொல்லியிருக்கவில்லையா என்று புத்தர் கடிந்துகொள்கிறார். ஸாதி தோள்கள் தொய்ந்து, தலை கவிழ்ந்து, மறுமொழி இல்லாமல் உட்கார்ந்திருந்தார் என்று நூல் எழுதுகிறது. நிகாயங்களில் இவ்வளவு கடுமையான கண்டிப்பைக் காண்பது அரிது; அதுவும் ஒழுக்கக் கேட்டிற்காக அன்று, மனத்தைப் பற்றிய ஒரு கருத்திற்காக.

அந்தக் கண்டிப்பை அடுத்து வரும் உவமை, எனக்குத் தெரிந்தவரை, மனத்தின் இயல்பைப் பற்றிப் பௌத்தம் சொன்னவற்றுள் மிகக் கூர்மையானது. கட்டையைச் சார்ந்து எரிவது கட்டைத் தீ. புல்லைச் சார்ந்து எரிவது புல் தீ. சாணத்தைச் சார்ந்தது சாணத் தீ. உமியைச் சார்ந்தது உமித் தீ. அதுபோலக் கண்ணையும் உருவத்தையும் சார்ந்து எழுவது கண் விஞ்ஞானம், காதையும் ஒலியையும் சார்ந்து எழுவது காது விஞ்ஞானம், மனத்தையும் அதன் பொருளையும் சார்ந்து எழுவது மன விஞ்ஞானம். கட்டையிலிருந்து புல்லுக்குத் தாவும்போது ஒரே தீதான் இடம்பெயர்ந்தது என்று நமக்குத் தோன்றுகிறது; ஆனால் கட்டையும் இன்றிப் புல்லும் இன்றி, எதையும் எரிக்காமல், தனக்குத் தானாக நிற்கும் ‘வெறும் தீ’ என ஒன்றை எவரும் கண்டதில்லை. சாட்சி என்பது அந்த வெறும் தீ. சாட்சி பேசுவதுமில்லை, நுகர்வதுமில்லை, வெறுமனே பார்த்திருப்பது, ஆகவே ஸாதி சொன்னது வேறு, நான் சொல்வது வேறு என்று கட்டுரையாளர் கூறக்கூடும். நியாயமான எதிர்வாதம்தான். ஆனால் புத்தரின் மறுப்பு பேச்சையும் நுகர்ச்சியையும் மட்டும் தொட்டு நின்றுவிடவில்லை. சார்பின்றித் தோற்றமில்லை என்ற விதிக்கு அவர் எந்தப் பார்வையாளனையும் விலக்காக்கவில்லை.

‘மனம் ஒரு குரங்கு’ என்று நாம் எல்லாரும் சொல்கிறோம், கட்டுரையாளரும் சொல்லியிருக்கிறார். சேட்டையை அடக்க வேண்டும் என்பது நம் வழக்கின் கருத்து. சம்யுத்த நிகாயத்தில் (12.61) அந்தக் குரங்கு வேறொரு வேலைக்காக வருகிறது. காட்டில் ஒரு கிளையைப் பற்றி, அதை விட்டு இன்னொன்றைப் பற்றி, அதையும் விட்டு வேறொன்றைப் பற்றிப் போகும் குரங்குபோல, சித்தம் என்றும் மனம் என்றும் விஞ்ஞானம் என்றும் வழங்குவது இரவும் பகலும் ஒன்றாகத் தோன்றி வேறொன்றாக மறைகிறது என்கிறது சூத்திரம். சேட்டையைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. பிடிக்கும் கிளை இல்லாமல் அது அந்தரத்தில் நிற்பதில்லை என்பதே செய்தி. இதற்கு முன்னால் வரும் வரி இன்னும் வியப்பானது. கல்லாத மனிதன் நான் என்று எதையாவது கொள்ளத்தான் வேண்டுமென்றால், மனத்தைக் கொள்வதைவிட இந்த உடலையே கொள்ளலாம். உடல் பத்தாண்டு, ஐம்பதாண்டு, நூறாண்டுகூட நிற்பதைப் பார்க்கிறோமே என்கிறார் புத்தர். உடல் அழியும், உள்ளே இருப்பது அழியாது என்று கேட்டுப் பழகிய காதுக்கு இது தலைகீழாக ஒலிக்கும். அந்தத் தலைகீழ்தான் பௌத்தம்.

கட்டுரையாளருக்குச் சார்பாகவும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மனம் ஒளியுடையது, வந்துசேரும் மாசுகளால் மாசுபட்டிருக்கிறது என்ற வாக்கியம் அங்குத்தர நிகாயத்தின் முதல் பகுதியில் உண்மையாகவே இருக்கிறது. மாசைக் குறிக்கும் இடத்தில் ‘ஆகந்துக’ என்ற அடைமொழி வருகிறது; விருந்தாளியாக வந்தது என்று பொருள். விருந்தாளிக்கு எதிர்ச்சொல்லாக வீட்டுக்காரன் ஒருவன் இருக்கத்தானே வேண்டும் என்று கேட்கத் தோன்றும். பிற்காலத்தில் பலரும் அப்படியே கேட்டார்கள். பாலி நூல்களைப் பின்பற்றும் தேரவாத மரபின் உரைகாரர்கள் அந்த ஒளியை, எண்ணங்களுக்கு இடையே ஓடும் பவாங்கம் என்னும் அடியோட்டத்தோடு பொருத்தினர். அதுவும் கணந்தோறும் தோன்றி மறைவதே அன்றி நிலையானதன்று. மகாயானப் பிரிவான யோகாசாரத்தார் எட்டு விஞ்ஞானங்களை வகுத்து, அனைத்து வினை வித்துகளையும் தாங்கும் ஆலய விஞ்ஞானத்தைக் கடைசியில் வைத்தனர். அதையும் நிற்கும் குளமாக அல்லாமல் ஓடும் வெள்ளமாகவே கண்டனர். எல்லா உயிரிலும் புத்த இயல்பு உறைகிறது என்று மகாயான நூல்கள் சில பாடின. அது ஆன்மா என்று பிறர் சொல்வதுதானே என்ற கேள்வியை லங்காவதார சூத்திரத்தில் மகாமதி என்னும் போதிசத்துவர் புத்தரிடம் நேருக்கு நேராகவே எழுப்புகிறார். இல்லை, தன்னிலை இன்மை (நிலையான ‘நான்’ இல்லை) என்ற சொல்லைக் கேட்டு அஞ்சுவோரின் அச்சம் நீங்கச் சொன்னது அது என்று விடை வருகிறது. திபெத்தில் இந்த வழக்கு நூற்றாண்டுக் கணக்கில் நடந்தது. தோல்போபா (1292–1361) மாசுகள் மட்டுமே வெறுமையானவை, அடியில் உள்ள ஒளி வெறுமையன்று என்று வாதிட்டார். சோங்கப்பாவின் (1357–1419) மரபினர் அதை ஏற்க மறுத்தனர். ஆகவே பௌத்தர் எல்லாரும் ஒரே குரலில் பேசினார்கள் என்று நான் சொல்லவில்லை. சாட்சிக்கு மிக அருகே போனவர்கள்கூட, அந்த எல்லையைத் தாண்டிவிட்டோமா என்ற கேள்விக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்களாக இருந்தார்கள் என்கிறேன். கட்டுரையாளர் அந்தக் கேள்வி இருப்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

இனி முதற்கூற்று. தியானம் எண்ணங்களை நிறுத்துவது என்றால், புத்தரின் வரலாறே புரியாமல் போய்விடும். வீட்டைத் துறந்தபின் அவர் முதலில் சென்றது ஆளார காலாமரிடம். அவர் கற்பித்தது ‘எதுவுமில்லை’ என்ற தளம். அடுத்து உத்தக ராமபுத்திரரிடம். அங்கே கற்றது உணர்கிறது என்றும் சொல்ல முடியாத, உணரவில்லை என்றும் சொல்ல முடியாத தளம். எண்ணங்கள் ஓய்வதற்கு மேல் அங்கே வேறென்ன வேண்டும்? இரண்டையும் அவர் விரைவில் எட்டினார். ஆளாரர் தமக்குச் சமமாக மாணவர் குழுவை நடத்த அழைத்தார். உத்தகரோ ஆசிரியர் இடத்தையே கொடுக்க முன்வந்தார். இரண்டு இடத்திலிருந்தும் அவர் எழுந்து போய்விட்டார். இது விழிப்புக்கோ நிப்பானத்துக்கோ (நிர்வாணத்துக்கோ) இட்டுச்செல்லவில்லை, அந்தந்தத் தளத்தில் பிறப்பதற்கே இட்டுச்செல்கிறது என்பது அவர் தந்த காரணம்.

பின்னர் கடுந்தவத்தால் உடல் ஒடுங்கிக் கிடந்தபோது, வேறு வழி இருக்குமா என்று யோசித்த அவருக்கு நினைவில் எழுந்தது ஒரு சிறுவயதுக் காட்சி. தந்தை வேலையில் இருக்க, அவர் நாவல் மரத்தின் குளிர்ந்த நிழலில் அமர்ந்திருக்கிறார். மனம் தானாகவே முதல் தியான நிலையில் புகுகிறது. விழிப்புக்கு வழி இதுவாக இருக்குமோ என்று கேட்டுக்கொண்டார். இதுதான் என்று தெளிந்தார். அந்த முதல் நிலையின் இலக்கணத்தில் விதர்க்கம், விசாரம் என்னும் இரண்டும் உண்டு. அதாவது எண்ணத்தை ஒன்றில் இருத்துவதும் அதில் உலாவச் செய்வதும். அவை ஓய்வது இரண்டாம் நிலையில்தான். உரையாசிரியர்கள் அவ்விரு சொற்களையும் சொற்களாய் ஓடும் சிந்தனை என்று கொள்ளாமல் மனத்தைப் பொருளில் பதிக்கும் செயலாகக் கொள்வர். அது தனி விவாதம். எவ்வாறாயினும், எண்ணமற்ற உச்சிகளிலிருந்து இறங்கி வந்து, எண்ணம் இன்னும் அடங்காத ஓரிடத்தில் அவர் வழியைக் கண்டார் என்பதை மறைக்க முடியாது.

மஜ்ஜிம நிகாயத்தின் 20ஆவது சூத்திரம் தீய எண்ணங்களை அகற்ற ஐந்து உபாயங்கள் தருகிறது என்பதும், அவற்றுள் கடைசியானது பல்லைக் கடித்து நாவை அண்ணத்தில் அழுத்தி மனத்தை மனத்தால் நசுக்குவது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அது கடைசி மருந்து. தியானத்தின் அடிப்படை நூலாகத் தேரவாத மரபினர் மதிக்கும் சதிபட்டான சூத்திரம், ஆசை உள்ள மனத்தை ஆசை உள்ள மனம் என்று அறி, வெறுப்பு உள்ள மனத்தை வெறுப்பு உள்ள மனம் என்று அறி, சிதறிய மனத்தைச் சிதறிய மனம் என்று அறி என்றே சொல்லிக்கொண்டு போகிறது. அந்தப் பகுதியில் விரட்டு என்ற வினைச்சொல் ஓரிடத்திலும் இல்லை.

அந்தச் ‘சதி’ என்ற சொல்லைத் தமிழில் அப்படியே எழுதினால் படிப்பவர் யாரோ யாருக்கோ குழி பறிப்பதாக நினைத்துக்கொள்வார். கட்டுரையாளர் ‘முழுக்கவனம்’ என்று ஆள்கிறார், தவறில்லை. ஆனால் அதன் நேர்ப்பொருள் நினைவு. நம் மொழியில் அந்தச் சொல் ஏற்கெனவே இரண்டு வேலையும் செய்கிறது. நேற்று நடந்தது நினைவிருக்கிறது என்கிறோம். நினைவில்லாமல் சூட்டில் கையை வைத்துவிட்டேன் என்றும், மயங்கியவருக்கு நினைவு திரும்பியது என்றும் சொல்கிறோம். கடந்ததை மறவாமையும் இப்போது இருப்பதை மறவாமையும் தமிழில் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருக்கையில், கவனம் என்ற சொல்லைத் தேடிப் போக வேண்டியதில்லை என்பது என் கருத்து. அங்குத்தர நிகாயம் இந்த நினைவை எல்லைப்புற நகரின் வாயில் காவலனுக்கு ஒப்பிடுகிறது. அறிந்தவரை உள்ளே விடுவான், அறியாதவரைத் தடுப்பான். எனவே எது வந்தாலும் வெறுமனே பார்த்துக்கொண்டிரு என்று இன்று பரவலாகச் சொல்லப்படுவதும் முழு உண்மையன்று. காவலன் ஆளைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும், எது நல்லது எது தீயது என்று அவனுக்கு நினைவிருக்க வேண்டும். மருத்துவமனைகளில் வலிக்கும் மன அழுத்தத்துக்கும் கற்பிக்கப்படும் எட்டு வாரப் பயிற்சி 1979இல் அமெரிக்காவில் தொடங்கியது. பயனுள்ளது, அதனால் ஆறுதல் பெற்றவர்கள் ஏராளம். அதன் குறிக்கோள் வேறு என்று சொல்வது அதைக் குறைத்துப் பேசுவதாகாது. அதுவும் பௌத்த விழிப்பும் ஒன்றே என்று கட்டுரையாளர் ஒரே வரியில் முடிச்சுப் போட்டிருப்பதுதான் சிக்கல்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். பல ஆண்டுகளுக்கு முன் பத்து நாள் பயிற்சி ஒன்றில் கலந்துகொண்டேன். நான்காம் நாளிலிருந்து சில அமர்வுகளில் ஒரு மணி நேரம் நிலை மாற்றாமல் இருக்கவேண்டும். இருபது நிமிடத்தில் வலது முழங்கால் எரியத் தொடங்கியது. முதல் நாள் அதை வலி என்றே அறிந்தேன், வேறொன்றும் தெரியவில்லை. மறுநாள் அதே முழங்காலில் அது ஒரு பொருளாக இல்லை என்பது தெரிந்தது: உள்பக்கத்தில் ஒரு சூடு, எலும்போரம் ஒரு துடிப்பு, நடுநடுவே ஒன்றுமே இல்லாத இடைவெளிகள். அந்த இடைவெளியில்கூட என் பல் கடித்தபடியே இருந்தது. தாடை, தோள், புருவம் எல்லாம் இல்லாத வலியை எதிர்த்து நின்றுகொண்டிருந்தன. இன்னும் நாற்பது நிமிடம், கால் கெட்டுப்போனால் என்ன செய்வது, பக்கத்தில் இருப்பவர் எப்படி அசையாமல் இருக்கிறார் என்ற கணக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. வலி முழங்காலில் இருந்தது. துன்பம் கணக்கில் இருந்தது. இதைத்தான் சம்யுத்த நிகாயம் இரண்டு அம்புகள் என்கிறது. முதல் அம்பு உடலில் பாய்வது. அறிந்தவனுக்கும் அது தப்பாது. இரண்டாவது, அதை ஒட்டி மனத்தில் பாய்வது.

மணிமேகலையின் முப்பதாம் காதையில், ஒன்றைச் சார்ந்து ஒன்றாகத் துன்பம் எழும் பன்னிரு சார்புகளின் பெயர்கள் தமிழிலேயே இருக்கின்றன: பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன். கல்லூரி நாளில் தேர்வுக்காக மனப்பாடம் செய்த பட்டியல் அது. அன்று அதற்கு மேல் ஒன்றும் விளங்கவில்லை. முழங்கால் தரையில் படுவது ஊறு, எரிச்சல் நுகர்வு, இது போகட்டும் என்பது வேட்கை, ‘என்’ கால் கெட்டுவிடும் என்பது பற்று. நான்கும் ஒரு மூச்சுக்குள் நடந்து முடிந்தன. கவனிக்கவேண்டியது என்னவென்றால், ‘நான்’ என்பது அங்கே தொடக்கத்தில் இல்லை. நான் என்று ஒருவன் முதலில் இருந்து, அவனுக்கு வலி வந்ததாகத்தான் நாம் பேசுகிறோம். நிகழ்ந்த வரிசையோ மாறியிருந்தது. ஊறும் நுகர்வும் முந்தி வந்தன, வேட்கையின் பின்னால்தான் வலிக்கு ஓர் உரிமையாளன் வந்து சேர்ந்தான். அந்த உரிமையாளனைத் தேடிப் பின்னால் திரும்பினால் சாட்சி எவரும் உட்கார்ந்திருக்கவில்லை. நான் பார்க்கிறேன் என்ற எண்ணம் இருந்தது. அதுவும் வந்து போனது.

இதைச் சொல்வதால் நான் எதையோ அடைந்துவிட்டதாக எவரும் எண்ண வேண்டாம். அமர்வு முடிந்து எழுந்தவுடன் உணவு வரிசையில் எனக்கு முன்னால் புகுந்தவர்மேல் கோபம் வந்தது. எட்டாம் நாள் மூடிய கண்ணுக்குள் வெண்ணிற ஒளி பரவி வெகுநேரம் நின்றது. ஓடிப்போய் ஆசிரியரிடம் சொன்னேன். “அது பிடித்திருந்ததா?” என்று கேட்டார். மிகவும் பிடித்திருந்தது என்றேன். “பிடித்திருந்ததைப் பார்த்தீர்களா?” என்றார். அதை நான் பார்த்திருக்கவில்லை. அடுத்தவரை அழைத்துவிட்டார். அன்று எனக்கு மனத்தாங்கல்தான். பிறகு விசுத்திமக்கம் படித்தபோது புரிந்தது. ஐந்தாம் நூற்றாண்டில் இலங்கையில் புத்தகோசர் தொகுத்த அந்த நூல், உள்ளதை உள்ளபடி காணும் நுண்காட்சி வளரும்போது அதைக் கெடுக்கும் பத்து மாசுகளை வரிசைப்படுத்துகிறது. முதலாவது ஒளி. தொடர்ந்து வருபவை ஞானம், களிப்பு, அமைதி, இன்பம், உறுதியான நம்பிக்கை, முயற்சி, நினைவின் நிலைப்பு, நடுநிலை ஆகிய நல்லவைகளே. பத்தாவது இவை அனைத்தின்மேலும் விழும் மெல்லிய ஆசை. மற்ற ஒன்பதையும் மாசாக்குவது அதுதான். கட்டுரையாளர் ‘விழிப்பின் அடையாளங்கள்’ என்று கட்டம் கட்டிக் கொடுத்திருக்கும் ஒளியும் பேரமைதியும் எல்லையற்ற இன்பமும் இந்தப் பட்டியலில் அப்படியே இருக்கின்றன, தடைகளாக.

அதே அதிகாரத்தில் ஒரு கதையும் உண்டு. மகாநாகர் என்ற முதிய தேரர் தாம் அரகந்தர் (மாசுகள் அனைத்தும் அற்று முழு விடுதலை அடைந்தவர்) என்றே அறுபது ஆண்டுகளாக எண்ணியிருந்தார். ஆழ்ந்த பயிற்சியால் ஆசையும் சினமும் எழாமல் அடங்கிக் கிடந்தன. ஆகவே அற்றுப்போயின என்று நினைத்துக்கொண்டார். அவருடைய மாணவர் தம்மதின்னர் அதை உணர்ந்து, ஆசிரியரைப் பணிவாகப் பேச்சில் இழுத்து, தங்கள் சித்தியால் ஒரு வெள்ளை யானையைப் படைத்துக் காட்டுங்கள் என்கிறார். யானை வருகிறது. அது காதை விரித்து, வாலைத் தூக்கி, துதிக்கையை வாயில் வைத்துப் பிளிறிக்கொண்டு நேராகத் தங்கள்மேல் பாய்ந்து வருவதாகச் செய்யுங்கள் என்கிறார். அவ்வாறே செய்த தேரர், தாமே படைத்த யானையைக் கண்டு எழுந்து ஓடப் பார்த்தார். மாணவர் அவர் ஆடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மாசற்றவருக்கு அச்சம் உண்டோ ஐயா என்று கேட்டார். முதியவர் வாதம் செய்யவில்லை, சாக்குச் சொல்லவில்லை. அங்கேயே மாணவர் முன் குந்தியமர்ந்து வழிகாட்டுமாறு கேட்டார். எண்ணங்கள் ஓய்ந்திருப்பது வேறு, வேர் அறுந்திருப்பது வேறு என்பதை இதைவிடத் தெளிவாக ஒரு கட்டுரையில் விளக்கிவிட முடியாது.

கட்டுரை போற்றி எழுதியிருக்கும், தமக்கு விழிப்பு ஏற்பட்ட நாளையும் நேரத்தையும் மேடையில் அறிவிக்கும் வழக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். வஜ்ஜி நாட்டில் பஞ்சம் வந்த காலத்தில், வக்குமுதா ஆற்றங்கரையில் தங்கியிருந்த பிக்குகள் சிலர் வீட்டாரிடம் ஒருவரை ஒருவர் உயர்ந்த நிலை அடைந்தவர் என்று புகழ்ந்துகொண்டு வயிறு வளர்த்தனர். மற்றவர்கள் எலும்பும் தோலுமாக வர, இவர்கள் மட்டும் பளபளவென்று வந்து நின்றனர். அதிலிருந்து பிறந்தது, துறவியர் ஒழுக்க விதிகளான விநயத்தின் நான்காம் பாராஜிகம். அடையாததை அடைந்ததாகத் தெரிந்தே சொல்லும் பிக்கு, கொலை செய்தவரைப் போலவே சங்கத்திலிருந்து அறவே நீங்கியவராகிறார். தம்மைத் தாமே தவறாக மதிப்பிட்டுச் சொன்னவருக்கு விலக்கு உண்டு. மகாநாகர் போன்றவர்களை நினைத்து வைத்த விலக்கு என்றே கொள்ளலாம். உண்மையாகவே அடைந்திருந்தாலும் துறவு பெறாதவரிடம் அதைச் சொல்வது சிறு குற்றம் என்று இன்னொரு விதியும் இருக்கிறது. இல்லறத்தார்க்கு இவ்விதிகள் இல்லைதான். ஆயினும் இவற்றை இயற்றியவரின் பெயரைச் சொல்லியே அறிவிப்பு நடக்கும்போது, அவர் இதைப் பற்றி என்ன எண்ணினார் என்பது வாசகருக்குத் தெரிந்திருப்பது நல்லது.

அப்படியானால் விழிப்புதான் என்ன என்று கேட்கலாம். நிகாயங்கள் அதைப் பெற்ற ஒன்றாகப் பேசுவதைவிட, அறுந்த தளைகளைக் கணக்கிட்டே பெரும்பாலும் பேசுகின்றன. தளைகள் பத்து. உடலும் மனமுமாக நாம் இருக்கும் ஐந்து தொகுதிகளாகிய ஐங்கந்தத்தில் ஏதோ ஒன்றை நான் என்று கொள்ளும் பார்வை, ஐயம், சடங்குகளே விடுவிக்கும் என்ற பற்று ஆகிய மூன்றும் அறுந்தவர் ஓடையில் இறங்கியவர், அதாவது விடுதலையின் முதற்படியை எட்டியவர். ஆனால் ‘இருக்கிறேன்’ என்ற செருக்கு கடைசிப் படிவரை கூடவே வருகிறது. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை எந்த உரையும் எனக்குத் தெளிவாக்கவில்லை; கேமகர் என்ற நோயாளி பிக்கு தெளிவாக்கினார். கோசாம்பியில் கோசிதாராமத்தில் தங்கியிருந்த மூத்த பிக்குகள், பதரிகாராமத்தில் நோயுற்றுக் கிடந்த அவரிடம் தாசகர் என்பவரைத் திரும்பத் திரும்பத் தூதனுப்புகிறார்கள். ஐங்கந்தத்தில் எதையும் நான் என்றோ எனது என்றோ காண்கிறீரா? காணவில்லை. அப்படியானால் நீர் அரகந்தர்தானே? இல்லை, ‘இருக்கிறேன்’ என்பது இன்னும் என்னை விடவில்லை. இதுதான் நான் என்று எதையும் சுட்டவும் முடியவில்லை. தாசகர் நடந்து நடந்து சலித்திருப்பார். கடைசியில் கேமகர், இந்த ஓட்டம் போதும், என் கோலைக் கொடு என்று வாங்கிக்கொண்டு தாமே புறப்பட்டு வருகிறார்.

வந்து அவர் சொல்லும் உவமை அழுக்குத் துணியைப் பற்றியது. வண்ணான் அதை உவர்மண்ணும் சாம்பல்நீரும் சாணமும் இட்டுக் கசக்கித் தூய நீரில் அலசுகிறான். துணி வெளுத்துவிட்டது, ஆனால் உவர்மண்ணின் வாடையோ சாணத்தின் வாடையோ அதில் ஒட்டியிருக்கிறது. உரியவர் அதை மணம் ஊட்டிய பேழையில் வைத்து மூட, அந்த வாடையும் மெல்ல அகல்கிறது. கேமகரிடம் பார்வையின் தவறு போய்விட்டது, வாடை இன்னும் போகவில்லை. அந்த உரையாடல் முடியும்போது அறுபது மூத்த பிக்குகளின் உள்ளம் விடுதலை அடைந்தது என்றும், பேசிக்கொண்டிருந்த கேமகரின் உள்ளமும் அப்போதே விடுதலை அடைந்தது என்றும் சூத்திரம் முடிகிறது. கண்ணை மூடி அமர்ந்திருந்தபோது அன்று, தமக்கு எது இன்னும் போகவில்லை என்பதை நோயோடு வந்து பிறருக்கு நேர்மையாக விளக்கிக்கொண்டிருந்தபோது. சாட்சிக் கொள்கைக்கு இந்தச் சூத்திரத்தில் இடம் தேடிப் பார்த்தேன். இடம் இருந்தால் அது ‘இருக்கிறேன்’ என்ற அந்த வாடையில்தான் இருக்கிறது. எல்லாவற்றையும் அலசியபின் எஞ்சும் மெல்லிய, இன்னதென்று சுட்ட முடியாத இருப்புணர்வை மனத்தின் இறுதி இயல்பு என்று கட்டுரையாளர் கொண்டாடுகிறார். கேமகர் அதைக் கடைசி அழுக்கு என்கிறார்.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். கட்டுரையின் இறுதியில் மேற்கோள் குறிக்குள் புத்தர் வாக்காகத் தரப்பட்டிருக்கும் சாட்சி பற்றிய வரி எந்த நிகாயத்தில், எந்தச் சூத்திரத்தில் வருகிறது என்பதைக் கட்டுரையாளர் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன். நான் தேடிய இடங்களில் அது கிடைக்கவில்லை. நான் காணாத இடத்தில் இருக்குமானால் என் கடிதத்தின் முற்பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்ள ஆயத்தமாக இருக்கிறேன். இனி இப்பொருளில் வெளியிடும் கட்டுரைகளிலும் மேற்கோளை அடுத்து நூலின் பெயரையும் எண்ணையும் தர இயலுமா என்று பாருங்கள்; அரை வரிதான் பிடிக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்